அடி வீரமுத்துவும் பதினாலடி டிராம்போலினும்

என் வீட்டுக்காரருக்குக் கோலா சாவா வட்டாரம் முழுக்க ஒரே பெயர்தான். அடி வீரமுத்து. கல்யாணப் பேச்சு வந்தபோது இந்தப் பெயரைக் கேட்டதுமே என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "அடிதடிக்காரனுக்கெல்லாம் எம் பொண்ணக் குடுக்க முடியாது லா" என்று ஒரே பிடிவாதம். சம்பந்தம் பேச வந்த மாமாதான் பதறிப்போய் விளக்கினார். "ஐயோ மச்சான், அவன் ஈ எறும்பக்கூட அடிக்க மாட்டான். இது காலடி. எதையும் காலால அளக்குற ஆளு, அதான் அந்தப் பேரு."

மாமா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாலிபத்தில் தோட்டத்தில் செம்பனைக் கன்று நடும் வேலைக்குப் போன காலத்திலிருந்தே இவருக்கு அந்தப் பழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தின் பெருவிரலை அடுத்த பாதத்தின் குதிகால் தொடும்படி ஒட்டி ஒட்டி வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே போவார். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட வேண்டுமா, தீமிதிக்குக் குழி வெட்ட வேண்டுமா, யார் வீட்டிலாவது கோழிக்கூண்டு கட்ட வேண்டுமா, "வீரமுத்துவக் கூப்பிடு" என்பார்கள். இவரும் ஏதோ பட்டாபிஷேகத்துக்கு அழைத்த மாதிரி போய் நிற்பார். ஒரு நாளும் தப்பாகப் போனதில்லை. எப்படிப் போகும்? அளப்பதும் அவர் கால், வெட்டுவதும் அவர் கால் அளவில்தான். குழிக்கு யார் டேப்பு வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

இத்தனைக்கும் அவர் மனைவி நான் தையல்காரி. காலையில் டேப்பு என் கழுத்தில் ஏறினால் விளக்கணைக்கும்போதுதான் இறங்கும். ரவிக்கை, பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை என்று அரை அங்குலத்துக்கெல்லாம் உயிரை விடுகிறவள் நான். எனக்கென்று வாய்த்தவர் இப்படி. என்னத்தைச் சொல்ல! தோட்ட வேலை போய், இப்போது செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். அங்கேயும் இடைவேளையில் காலால் அளந்து பந்தயம் கட்டுவதாகக் கேள்வி.

எங்களுக்கு ஒரே மகள். பெயர் லோஷினி. பன்னிரண்டு வயதாகிறது, உயரத்தில் என்னை எட்டிவிட்டாள். இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் வேறு என்னென்னவோ சொன்னார்கள், அதையெல்லாம் திருப்பிச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. லோஷினி யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். காலைத்தான் பார்ப்பாள். வீட்டுக்கு வந்துபோன விருந்தாளியின் முகம் அவளுக்குத் தெரியாது. செருப்பு நன்றாகத் தெரியும். நாம் கை தட்டினால் தட்ட மாட்டாள், டாட்டா காட்டினால் காட்ட மாட்டாள். அடுத்தவர் செய்வதைப் பார்த்து எதையும் செய்கிற பழக்கம் அவளிடம் இல்லவே இல்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. குதிக்க வேண்டும். மனதில் ஏதாவது பொங்கினால் குதிப்பாள். குதித்தால் அடங்கும், பிறகு சாப்பிடுவாள், தூங்குவாள். தடுத்தால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். அந்தத் தழும்புகளை நான் எண்ணியதில்லை, எண்ணவும் மாட்டேன். கட்டில்கள் உடைந்தன. அப்புறம் சிமெந்துத் தரையில் குதிக்க ஆரம்பித்தாள். முட்டி இரண்டும் வீங்கிப் போயின. நாங்கள் இருப்பது வரிசை வீடு, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் லியாக்கத் அலி பாய், லோபாக்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். இருதய ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டோடு இருந்த மனிதர். இவள் டொம் டொம் என்று குதிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் நெஞ்சு அடைக்கும். அவர் மனைவி சைதூன் பீவி அக்கா வாசலில் தென்பட்டால், என்ன கேட்டுவிடுவாரோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். அவர் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்காததே எனக்குப் பாரமாக இருந்தது.

சிரம்பானில் லோஷினிக்குப் பயிற்சி கொடுக்கிற மலாய்க்கார அம்மா முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார். குதிப்பதை நிறுத்தாதீர்கள், குதிக்கிற தரையை மாற்றுங்கள். இதே சிமெந்தில் இன்னும் கொஞ்ச காலம் போனால் பிள்ளை நடப்பதே சிரமம் என்றார். வட்டச் சட்டத்தில் ஸ்பிரிங் வைத்து விரிப்பை இழுத்துக் கட்டிய பெரிய டிராம்போலின் ஒன்று வீட்டுப் பின்புறத்தில் இருந்தால் நல்லது என்றார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும். அதுவரை எங்களிடம் எல்லோரும் "நிறுத்துங்கள்" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டுக்காரருக்கு அதே வேலை. கைத்தொலைபேசியில் டிராம்போலின் படமாகப் பார்த்துத் தள்ளினார். நீளச் சதுரமா, வட்டமா? நீளமானதில் உயரம் அதிகம் எழும்புமாம், அதனால் அது வேண்டாம். வட்டமானது பிள்ளையை நடுவுக்கே திருப்பிக் கொண்டுவந்து விடுமாம். பிள்ளை கீழே விழாமல் சுற்றிக் கட்டும் வலை ஸ்பிரிங்குக்கு வெளியே நிற்பதா, உள்ளே நிற்பதா? உள்ளே நின்றால்தான் கால் ஸ்பிரிங்கில் சிக்காது. ராத்திரிச் சோறு போடும்போதெல்லாம் எனக்கு இதே பாடம்தான். "உங்களுக்கு வாங்குறீங்களா, புள்ளைக்கு வாங்குறீங்களா?" என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும்னு வச்சுக்கயேன்" என்றார் மனுஷன், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

கடைக்கு மூன்று பேரும் போனோம். லோஷினி வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீனப் பையன் ஒருவன் பன்னிரண்டடி, பதினாலடி இரண்டையும் காட்டினான். பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு, இவள் உயரத்துக்கும் எடைக்கும் பதினாலுதான் தாங்கும் என்றான். "ஆனா சுத்தி ரெண்டு ரெண்டு அடி காலியா வுடணுமாம், இடம் இருக்கா?" என்று நான் இவரைக் கேட்டேன்.

"அளந்தாச்சு லா. குறுக்கே பதினெட்டு. ரெண்டு, பதினாலு, ரெண்டு. தச்சு வச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

தச்சு வச்ச மாதிரி என்று தையல்காரியிடம் சொன்னால் நான் என்ன நினைப்பேன்? என் டேப்பில்தான் அளந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை லோரியில் பெட்டிகள் வந்து இறங்கின. எங்கள் பின்புறத்தின் ஒரு பக்கம் கால்வாய்ச் சுவர், மறுபக்கம் பாய் வீட்டுக் கம்பி வேலி. இடையில் செம்மண். இவர் முதல் நாளே மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, தண்ணீர் தெளித்து மிதித்து, தரையைக் களம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார். லோஷினி பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். இவர் இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று செருக, நான் பிடித்துக்கொள்ள, வட்டம் மெல்ல மெல்ல வளர்ந்தது. கால்களை மாட்டி நிமிர்த்தி நிறுத்தினோம்.

ஒரு பக்கம் வேலியிலிருந்து ஒரு சாண். மறுபக்கம் சுவரிலிருந்து ஒரு சாண்.

"என்னாங்க இது?"

"அதான் எனக்கும் புரியல. பதினெட்டு அடி, நானே அளந்தேன்."

"எதால அளந்தீங்க?"

அவர் மெதுவாகக் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். படியில் இருந்த லோஷினியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்திலிருந்த டேப்பை உருவி அந்தக் காலை அங்கேயே அளந்தேன். பத்தரை அங்குலம்.

"ஒரு அடின்னா பன்னெண்டு அங்குலம் லா மனுஷா! உங்க காலு என்ன கவர்மெண்ட் முத்திரை குத்துன காலா?"

"நீலா, மனை அளக்குறப்ப வீட்டுக்காரன் காலுதான் கணக்கு. எங்கப்பா அப்படித்தான்..."

"அப்ப உங்க காலு அளவுக்கு ஒரு டிராம்போலின் செய்யச் சொல்லி உங்க அப்பாகிட்டயே கேக்க வேண்டியதுதானே!"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. இடம் போனதற்கல்ல. இந்த வேலிக் கம்பியில் பிள்ளை போய் மோதினால்? சிறியதை வாங்கினால் இவள் எடைக்குத் தாங்காது. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுபடி அந்தச் சிமெந்துதான், அந்த முட்டிகள்தான், இல்லாவிட்டால் அந்தக் கைகள். எல்லாம் ஒரு காலால் கெட்டது என்று மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். இவர் இரும்புக் குழாயைப் பிடித்தபடி திருட்டு முழியோடு நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சைதூன் பீவி அக்கா எட்டிப் பார்த்தார். "என்னா நீலா, என்னா ஆச்சு? இது என்னாது, பெரிய தாம்பாளமாட்டம்?"

எனக்கு மானமே போயிற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னேன். அக்கா முதலில் என் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னங்க, செத்த இங்க வாங்க!"

பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வேலியைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார். ரொம்பவெல்லாம் யோசிக்கவில்லை.

"முத்து, உங்கிட்ட குறடு இருக்கா?"

"இருக்கு பாய். எதுக்கு?"

"வேலியக் கழட்டலாம்பா. இந்தப் பக்கம் நாலஞ்சு அடி தள்ளிப் போடு. எங்களுக்கு எதுக்கு இவ்வளவு எடம், நானா குதிக்கப் போறேன்?"

"ஐயோ வேணாம் பாய்" என்று எழுந்தேன். "ஏற்கெனவே உங்களுக்கு எங்களால எவ்வளவு தொந்தரவு. சுவத்துல இத்தன வருசமா அந்தச் சத்தம். நீங்க ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தப்பக்கூட..."

பாய் என்னை ஏதோ புரியாதவர் மாதிரி பார்த்தார். "தொந்தரவா? நல்லாச் சொன்னே போ. அப்ப எனக்குப் பகலெல்லாம் தனிமை. இவ கடைக்குப் போயிருவா. செவத்துக்கு அந்தாண்ட புள்ள டொம் டொம்னு குதிக்கும். சரி, வீட்டுல ஆள் இருக்கு, நாமளும் இருக்கோம்னு தைரியமாப் படுத்திருப்பேன். சத்தம் நின்னாத்தான் எனக்குப் பயம். புள்ளைக்கு என்னமோன்னு இவளுக்கு போன் போடுவேன்."

"நெசம்தான் நீலா" என்றார் அக்கா. "நீ பாட்டுக்கு என்னப் பாத்தா ஓடி ஒளியிறே. எம்மேல என்னா கோவமோன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

இத்தனை வருடமாக ஒரே சுவரின் இரண்டு பக்கமும் நாங்கள் எதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம், பாருங்கள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. "அக்கா, உங்க பண்டான் செடி இருக்கே, அது குறுக்க வருமே" என்றுதான் வந்தது.

"அது கெடக்குது களை. ஒடிச்சு நட்டா எங்கயும் வரும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா மண்வெட்டியோடு வந்துவிட்டார். துணிக்கொடியையும் அவரே அவிழ்த்து வேறு பக்கம் கட்டினார்.

வேலி இறங்கியது. கழற்றிய கம்பியைச் சுருட்டிச் சுவரோரம் போட்டோம். வட்டத்தை நான்கு பேரும் தூக்கி நடுவுக்கு நகர்த்தினோம். இந்தத் தடவை நான் டேப்பு வைத்து நான்கு பக்கமும் அளந்த பிறகுதான் கீழே வைக்கவிட்டேன். வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் ஒரு நாள் வாயடைத்தது என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

ஸ்பிரிங் மாட்டும்போது மறுபடி ஒரு கூத்து. ஆண்கள் இரண்டு பேரும் ஒரு முனையில் ஆரம்பித்து வரிசையாக மாட்டிக்கொண்டே போனார்கள். பாதி வட்டம் போனதும் விரிப்பு ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டது, எதிர்ப் பக்கம் முழ நீளத்துக்கு எட்டவில்லை. இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க இழுத்துப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் கழட்டுங்க. பாவாடைக்கு இடுப்புப் பட்டி வைக்கிறப்ப ஒரு பக்கத்துலருந்தா தச்சுக்கிட்டுப் போவோம்? மொதல்ல நாலு பக்கமும் ஊசி குத்தணும். அப்புறம் எதிரும் புதிருமா நெரப்பணும்" என்றேன். அப்படியே மாட்டினார்கள். கடைசி ஸ்பிரிங் சொன்ன பேச்சுக் கேட்டு உட்கார்ந்தது. "தையக்காரி வூட்டுல இருந்தும் இந்தாளு காலால அளந்தாரே" என்று சைதூன் அக்கா சொல்ல, இவரும் சேர்ந்து சிரித்தார்.

வலையைக் கட்டி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நான்கு பேரும் ஒதுங்கி நின்றோம். லோஷினி படியிலிருந்து எழுந்தாள். வந்தாள். விரிப்பின் ஓரத்தை விரலால் ஒரு தடவை தொட்டாள். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது. டொம். டொம். சிமெந்தில்.

அக்கா என் முதுகைத் தடவினார்.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் இதே கதைதான். எல்லோரும் எல்லாம் செய்து பார்த்தோம். அவளுக்குப் பிடித்த தலையணையை விரிப்பில் வைத்தோம். அக்கா பருப்பு வடை சுட்டுக்கொண்டு வந்து நடுவில் வைத்தார், அதைக் காக்கை கொண்டுபோனது. நானே ஏறிக் குதித்துக் காட்டினேன், இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். தூக்கி ஏற்றப் பார்த்தபோது கையைக் கடித்துக்கொண்டாள், அதோடு அதையும் விட்டுவிட்டோம். முட்டி வீக்கம் இறங்கவில்லை. மழை பெய்யும்போது அந்தப் பெரிய கறுப்பு வட்டம் காலியாக நனைந்துகொண்டிருப்பதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்க்கவே பிடிக்கவில்லை. பாய் வேலியை இழந்தார், அக்கா செடியை இழந்தார், பலன் காக்கைக்குத்தான் என்று தோன்றும்.

இவர் வேலையிலிருந்து வந்ததும் அதன் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். கத்தவும் மாட்டார், புலம்பவும் மாட்டார். அதுவே எனக்கு எரிச்சலைக் கிளப்பும்.

ஒரு சாயங்காலம் துணி எடுக்கப் போன நான் வாயை அடக்க முடியாமல் சொன்னேன். "இது நெசமாவே பதினாலு அடிதானா, இல்ல அதுவும் உங்க கால் கணக்கா?"

மனுஷனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "இப்ப என்னா, அளந்து காட்டணுமா? காட்டுறேன் பாரு" என்று எழுந்து, செருப்பை உதறிவிட்டு, வலையைத் திறந்து ஏறினார். ஓரத்தில் நின்றார். வலது காலை வைத்து, அதன் நுனியில் இடது குதிகாலை ஒட்டி வைத்தார். "ஒண்ணு. ரெண்டு." விரிப்பு அமுங்கி அமுங்கி எழுந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கள் குடித்தவர் மாதிரி ஆடி ஆடிப் போனார். "மூணு. நாலு." எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த துணியில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது என் பக்கமாக லோஷினி நடந்து போனாள்.

எப்போது படியிலிருந்து எழுந்தாள் என்று தெரியாது. கண் முழுக்க அவர் பாதத்தில்தான். நேராக ஏணியில் ஏறினாள். வலைக்குள் நுழைந்தாள். அவர் ஆரம்பித்த அதே ஓரத்தில் நின்று, வலது காலை வைத்தாள். அதன் நுனியில் இடது குதிகாலைக் கொண்டுவந்து ஒட்டினாள். கையை விரித்தாள்.

பிறந்ததிலிருந்து யாரையும் பார்த்து எதையும் செய்யாத என் மகள், அப்பா நடந்த மாதிரியே நடந்தாள்.

விரிப்பு பின்னால் அமுங்குவதை இவர் உணர்ந்திருக்க வேண்டும். திரும்பவில்லை. எண்ணும் குரல் மட்டும் உடைந்தது. "எட்டு... ஒம்போது..." என் கையிலிருந்த துணியெல்லாம் மண்ணில் கிடந்தது. அந்தப் பக்கம் சைதூன் அக்கா கரண்டியோடு அப்படியே நின்றிருந்தார். "பன்னெண்டு. பதிமூணு. பதினாலு." விரிப்பின் மறுகோடியில் நின்று என்னைப் பார்த்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "நீலா, பதினாலு."

இரும்புச் சட்டம்தான் பதினாலடி, விரிப்பு அதைவிடச் சின்னது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதைச் சொல்ல நான் என்ன பைத்தியமா?

லோஷினி நடுவில் நின்றுவிட்டாள். விரிப்பு ஆடுவதைப் பாதத்தால் உணர்ந்து பார்ப்பது போல ஒரு நிமிடம் அசையாமல் இருந்தாள். பிறகு குதித்தாள். அது அவளை மேலே தூக்கிப் பத்திரமாக இறக்கியது. மறுபடி குதித்தாள். அந்த வேகத்தில் இவர் நிலைதடுமாறிப் பொத்தென்று உட்கார்ந்தார், உட்கார்ந்த இடத்திலேயே பந்து மாதிரி எழும்பி எழும்பி விழுந்தார். லோஷினி சிரித்தாள். சத்தமாக.

முட்டி வீக்கம் இப்போது வற்றிவிட்டது. கையில் புதுத் தழும்பு இல்லை. வேலியை நாங்கள் திரும்பப் போடவில்லை, போடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. பாய் மத்தியானத்தில் தூங்கி எழுந்ததும் நாற்காலியைக் கொண்டுவந்து பின்புறத்தில் போட்டுக்கொள்கிறார், சுவரில் சத்தம் கேட்காததால் வந்து பார்க்க வேண்டியிருக்கிறதாம். அவர்களுக்கும், அந்தச் சிரம்பான் அம்மாவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைத் தைத்துக் கொடுக்க முடிந்தால் எத்தனை முழம் வேண்டுமானாலும் தைத்துக் கொடுப்பேன்.

வீட்டுக்காரரை நான் இன்னும் திட்டத்தான் செய்கிறேன். அவர் காலை மட்டும் திட்டுவதில்லை. டேப்பில் சரியாக அளந்திருந்தால் அந்த நடை அவளுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

லோஷினி இன்றுவரை அளக்காமல் குதிப்பதில்லை. ஏறியதும் ஓரத்தில் நின்று, குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி அந்தக் கோடிவரை போய்விட்டு வந்துதான் ஆரம்பிப்பாள். அவள் வாயால் எண்ண மாட்டாள். அவளுக்காக நான் அடுப்படி ஜன்னலில் நின்று எண்ணுகிறேன். அவள் அடிக்கு அது பதினாறு.